வாத்து யார் பேச்சைக் கேட்டது?

எங்கள் வீட்டுக்கு டிவி கேம் வந்தது 1996 கோடை விடுமுறையில். சென்னைக்குப் போன மாமா பர்மா பஜாரில் வாங்கி வந்தார். கறுப்பு டப்பா, இரண்டு ஜாய்ஸ்டிக், மஞ்சள் கேசட், ஒரு துப்பாக்கி. கேசட்டின் முதல் திரையில் 99,99,999 விளையாட்டுகள் என்று போட்டிருக்கும். உண்மையில் ஏழெட்டுதான். அதையே பெயர் மாற்றி, லெவல் மாற்றித் திரும்பத் திரும்ப அடுக்கியிருப்பான். அந்த ஏமாற்று எங்களுக்குப் புரிய ஒரு வாரம் ஆனது. புரிந்த பிறகும் வருத்தம் வரவில்லை. ஏனென்றால் அந்த ஏழெட்டில் ஒன்று வாத்து சுடுகிற விளையாட்டு.

துப்பாக்கியின் ஒயரை இரண்டாவது ஜாய்ஸ்டிக் சொருகுகிற இடத்தில்தான் சொருக வேண்டும். ஆக வாத்து விளையாட்டில் ஒரு துப்பாக்கி, ஒரு ஜாய்ஸ்டிக். வீட்டில் இரண்டு பிள்ளைகள். எனக்குப் பதினொரு வயது, தங்கச்சிக்கு ஆறு. துப்பாக்கி யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை. ஆட்டத்தைத் தொடங்கிவைக்க மட்டும்தான் ஜாய்ஸ்டிக், அதற்குப் பிறகு அது சும்மா கிடக்கும் என்பது என் முடிவு. அவள் அழுதால் அம்மா டிவியை அணைத்துவிடுவாள். அதனால் அந்தச் சும்மா கிடந்த ஜாய்ஸ்டிக்கை அவள் கையில் கொடுத்து, "இந்தா, நீதான் வாத்த ஓட்டுற, நான் சுடுவேன்" என்றேன்.

தம்பி தங்கைகளோடு டிவி கேம் விளையாடிய எல்லோரும் செய்த மோசடிதான் இது. ஒயர் சொருகாத ஜாய்ஸ்டிக்கைக் கொடுத்து ஏமாற்றியவர்கள் உங்களிலும் இருப்பீர்கள்.

ஆனால் அவள் அதை நம்பி விளையாடினாள். "அண்ணே, நான் லெஃப்ட்ல அமுக்குனேன், அது லெஃப்ட்ல போச்சு பாரு" என்பாள். "ஆமா ஆமா" என்பேன். ஒருநாள் வரிசையாக மூன்று வாத்து தப்பிவிட்டது. புல்லுக்குள்ளிருந்து நாய் எழுந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. "நான்தான் ஓட்டிட்டுப் போனேன்" என்று இவளும் சிரித்தாள். மண்டையில் ஒரு குட்டு வைத்தேன். "அது உன் பேச்சக் கேக்காதுடி. சும்மா குடுத்து வச்சிருக்கேன்" என்று உண்மையையும் போட்டு உடைத்தேன். குட்டுக்கு அழாதவள் அதற்கு அழுதாள். அன்றோடு ஜாய்ஸ்டிக்கைத் தொடுவதை நிறுத்திவிட்டாள்.

இது நடந்து வெகுகாலம் கழித்து, அந்தத் துப்பாக்கி எப்படி வேலை செய்தது என்று ஒரு நாள் தேடத் தொடங்கினேன். தேடல் எங்கெங்கோ போனது.

*

சிறு வயதில் எங்கள் யாருக்கும் சந்தேகமே இல்லை. துப்பாக்கியிலிருந்து ஏதோ ஒன்று கிளம்பிப் போய் டிவியில் படுகிறது. பாட்டி அதனாலேயே பயந்தார்: "பாத்துடா, கண்ணாடி ஒடஞ்சிரப் போவுது." திருவிழாவில் பலூன் சுடுகிற கடையில் நாங்கள் பார்த்த துப்பாக்கி அப்படித்தானே? குண்டு கிளம்பும், பலூன் வெடிக்கும்.

டிவி கேம் துப்பாக்கியிலிருந்து எதுவுமே கிளம்புவதில்லை. அதன் குழலுக்குள் ஒரு சின்ன லென்ஸ், லென்ஸுக்குப் பின்னால் வெளிச்சம் பட்டால் உணர்கிற ஒரு பொருள். துப்பாக்கி வடிவத்தில் இருந்தாலும் வேலையில் அது ஒரு கண்.

விசையை அழுத்தும்போது திரை ஒரு கணம் கறுத்துச் சிமிட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். கதை அந்தச் சிமிட்டலில்தான் இருக்கிறது. விசை அழுந்தியதும் ஆட்டம் முழுத்திரையையும் கறுப்பாக்கி, "இப்போது வெளிச்சம் தெரிகிறதா?" என்று துப்பாக்கியைக் கேட்கிறது. இல்லை என்று பதில் வர வேண்டும். அடுத்த சட்டகத்தில் வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டத்தை வரைந்து மறுபடி கேட்கிறது. இப்போது தெரிகிறது என்றால் குறி சரி, வாத்து விழும். இரண்டு வாத்து இருந்தால் வெள்ளைக் கட்டம் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு முறை வரும். எந்த முறை வெளிச்சம் தெரிந்ததோ அந்த வாத்துக்குத்தான் அடி. நம் ஊர் டிவியில் நொடிக்கு 50 முறை திரை வரையப்படும். கேள்வியும் பதிலும் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும்.

முதலில் கறுப்பைக் காட்டுவது ஏன்? ஏமாற்றுக்காரர்களுக்காக. துப்பாக்கியைத் திருப்பி டியூப்லைட்டைக் காட்டினால் எப்போதும் வெளிச்சம்தான் தெரியும். கறுப்புத் திரையிலும் "தெரிகிறது" என்று பதில் வந்தால், இவன் டிவியைப் பார்க்கவில்லை என்று ஆட்டம் கண்டுபிடித்துவிடும். நான் டியூப்லைட்டைச் சுட்டுப் பார்த்தவன்தான். ஒரு வாத்தும் விழவில்லை.

*

விளையாட்டுத் துப்பாக்கியும் வெளிச்சமும் சேர்ந்த கதை டிவிக்கு முன்பே தொடங்கிவிட்டது. 1936இல் சிகாகோவின் சீபர்க் நிறுவனம் ரே-ஓ-லைட் என்ற காசு போட்டு விளையாடும் இயந்திரத்தைக் கொண்டுவந்தது. ஜூக்பாக்ஸ்களுக்குப் பெயர்போன நிறுவனம் அது. அங்கேயும் இலக்கு வாத்துதான். ஆனால் அந்தத் துப்பாக்கி உண்மையிலேயே வெளிச்சத்தைச் சுட்டது. உணர்கிற பொருள் வாத்தின் மேல் இருந்தது. பாட்டி பயந்ததில் ஒரு நியாயம் இருந்திருக்கிறது. அவர் சொன்னது 1936ஆம் ஆண்டு மாடலுக்குப் பொருந்தும்.

வெளிச்சத்தின் திசை தலைகீழானது விளையாட்டில் அல்ல, ராணுவத்தில். சோவியத் குண்டுவீச்சு விமானங்கள் வந்துவிடுமோ என்ற அச்சத்தில் அமெரிக்கா சேஜ் என்ற வான் பாதுகாப்புக் கணினி அமைப்பைக் கட்டி, 1958இல் இயக்கத் தொடங்கியது. பல இடங்களில் உள்ள ரேடார்களின் தகவல்கள் ஒரு திரையில் புள்ளிகளாக வரும். சந்தேகப்படும் புள்ளியைக் கணினிக்கு எப்படிக் காட்டுவது? மௌஸ் இன்னும் வரவில்லை. ஊழியர் கையில் துப்பாக்கி வடிவக் கருவி ஒன்றைக் கொடுத்தார்கள். புள்ளியின் மேல் குறிவைத்து விசையை அழுத்தினால், திரையின் வெளிச்சத்தைத் துப்பாக்கி உணரும். இவர் எந்தப் புள்ளியைக் காட்டுகிறார் என்று கணினி தெரிந்துகொள்ளும். என் வாத்து வேட்டையில் நடந்ததும் கிட்டத்தட்ட இதுதான். அந்த மேஜைகளிலேயே சிகரெட் பற்றவைக்கும் கருவியும் சாம்பல் கிண்ணமும் பொருத்தியிருந்தார்கள். அணுகுண்டு வருகிறதா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவருக்கு அது தேவைப்பட்டிருக்கும்.

இதை வீட்டு வரவேற்பறைக்குக் கொண்டுவந்தவர் ரால்ஃப் பேர். அவர் வேலை பார்த்ததும் சாண்டர்ஸ் என்ற ராணுவத் தளவாட நிறுவனத்தில்தான். டிவிப் பெட்டியில் விளையாட முடியுமா என்று 1966இல் யோசிக்கத் தொடங்கியவர், சில வருடங்களில் ஒரு பொம்மைத் துப்பாக்கிக்குள் ஒளி உணரியை வைத்து, திரையில் நகரும் வெள்ளைப் புள்ளியைச் சுட வைத்துவிட்டார். 1972இல் மேக்னவாக்ஸ் ஒடிஸி என்ற பெயரில் உலகின் முதல் வீட்டு வீடியோ கேம் விற்பனைக்கு வந்தபோது, நீளமான துப்பாக்கி ஒன்றைத் தனியாக விலை கொடுத்து வாங்கிக்கொள்ளலாம்.

அந்த விளையாட்டு எவ்வளவு எளிமையானது என்று இன்று கற்பனை செய்வதே கஷ்டம். திரையில் ஒரு வெள்ளைச் சதுரம், அவ்வளவுதான். படம் வரைந்த பிளாஸ்டிக் தாளை டிவி மேல் ஒட்டிக்கொள்ள வேண்டும். புள்ளிக் கணக்கை இயந்திரம் வைக்காது, ஆடுகிறவர்களே வைத்துக்கொள்ள வேண்டும். டியூப்லைட் தந்திரம் அதனிடம் பலித்திருக்கும்: பல்பை நோக்கிச் சுட்டாலும் அடித்ததாக எடுத்துக்கொள்ளும். ஏமாற்றலாம். ஆனால் ஒழுங்காகக் குறிவைத்து அடித்தால் புள்ளி மறையும். நாம் செய்ததற்கு டிவி ஒரு பதில் சொல்கிறது. அதுவரை டிவி பேசும், நாம் கேட்போம். திருப்பிப் பேசினால் அது கேட்கும் என்பது 1972இல் சாதாரண விஷயம் இல்லை.

*

ஜப்பானில் கதை ஒரு விற்பனையாளரோடு தொடங்குகிறது. நிண்டெண்டோ அப்போது வீடியோ கேம் நிறுவனம் இல்லை. 1889இல் கியோட்டோவில் சீட்டுக்கட்டு செய்யத் தொடங்கிய கம்பெனி. அங்கே இயந்திரங்களைப் பராமரிக்க 1965இல் வேலைக்குச் சேர்ந்தவர் குன்பே யோகோய். பொழுதுபோகாமல் அவர் செய்த ஒரு நீளும் கை பொம்மையை முதலாளி யாமாவுச்சி பார்த்து, திட்டுவதற்குப் பதிலாக, அதையே விற்பனைப் பொருளாக்கச் சொன்னார். அதுதான் 1966இல் வந்த அல்ட்ரா ஹேண்ட். யோகோய் பொம்மை வடிவமைப்பாளர் ஆனார்.

ஷார்ப் நிறுவனத்தின் மசயுகி உஎமுரா அங்கே சூரிய மின்கலம் விற்க வந்தார். வெயிலில் மின்சாரம் எடுக்கத்தான் அந்தக் கலம். யோகோய் அதை வேறு விதமாகப் பார்த்தார். வெளிச்சம் பட்டால் மின்சாரம் வருகிறது என்றால், வெளிச்சம் பட்டதா இல்லையா என்பதையும் அது சொல்லுமே? 1970இல் கோசென்ஜூ என்ற ஒளித்துப்பாக்கி பொம்மை வந்தது. துப்பாக்கியில் விளக்கு, இலக்கில் மின்கலம். சரியாகச் சுட்டால் பொம்மைப் பாட்டில் துண்டு துண்டாகச் சிதறும். நன்றாக விற்றது. மின்கலம் விற்க வந்த உஎமுரா கொஞ்ச நாளில் நிண்டெண்டோவிலேயே சேர்ந்துவிட்டார்.

அடுத்த யோசனை பெரியது. ஜப்பானில் பௌலிங் மோகம் எழுந்து, தணிந்து, பௌலிங் கூடங்கள் காலியாகக் கிடந்தன. அவற்றில் ஒளித்துப்பாக்கி சுடுதளம் அமைத்தால்? 1973இல் லேசர் களிமண் தட்டு சுடுதல் தொடங்கியது. திரையில் தட்டுகள் பறக்கும், வரிசையாக நின்று சுட வேண்டும். நிண்டெண்டோவின் வரலாற்றை எழுதுகிறவர்கள் தொடக்க நாள் பற்றி ஒரு கதை சொல்வார்கள். பத்திரிகைக்காரர்கள் வந்து நிற்கும்போது இயந்திரம் படுத்துவிட்டது. ஒரு பொறியாளர் பின்னால் ஒளிந்துகொண்டு, ஆட்கள் சுடச் சுடத் தானே கையால் தட்டுகளை விழ வைத்தாராம். சுட்டவர்களுக்கு எதுவும் தெரியவில்லை. மகிழ்ச்சியாகப் போனார்கள்.

இதைப் படித்தபோது என் தங்கச்சியின் ஜாய்ஸ்டிக் ஞாபகம் வந்தது. ஆனால் ஒரு வித்தியாசம்: அந்தப் பொறியாளர் பொய்யைக் காப்பாற்றினார். நான் அதையும் செய்யவில்லை.

அந்த வருடமே எண்ணெய் நெருக்கடி வந்தது. சுடுதள ஆர்டர்கள் ரத்தாகி நிண்டெண்டோ பெரும் கடனில் விழுந்தது. தப்பிப்பதற்காகச் சின்ன இடத்தில் வைக்கக்கூடிய இயந்திரங்களைச் செய்தார்கள். அதில் ஒன்று 1974இல் வந்த வைல்ட் கன்மேன். இது சினிமாவால் ஆனது. 16 மி.மீ. படச்சுருளில் கௌபாய் ஒருவன் எதிரே நிற்கிறான். நீங்கள் இடுப்பில் துப்பாக்கியோடு நிற்கிறீர்கள். அவன் கண் மின்னியதும் உருவிச் சுட வேண்டும். முந்திவிட்டால் படம் மாறி அவன் விழுகிற காட்சி ஓடும். பிந்தினால் அவன் உங்களைச் சுடுவான். கணினி எதுவும் இல்லை, படம் காட்டும் கருவிகளை மாற்றி மாற்றி ஓட்டித்தான் இந்த வித்தை. ஒரே காட்சிக்கு இரண்டு முடிவுகளைப் படம் பிடித்து வைத்திருந்தார்கள். எது ஓடும் என்பது உங்கள் கையில் இருந்தது.

1976இல் சுவரில் வாத்தின் உருவத்தைப் பறக்கவிட்டுச் சுடுகிற பொம்மை வந்தது. பெயர் டக் ஹன்ட். நம் வாத்துக்கு அதுதான் முன்னோர். 1983இல் உஎமுரா தலைமையில் வடிவமைத்த ஃபேமிகாம் வந்தது. 1984இல் அதற்கான துப்பாக்கியும், வைல்ட் கன்மேன், டக் ஹன்ட் இரண்டும் கேசட்டுகளாக வந்தன. யோகோயின் பொம்மையில் துப்பாக்கி சுட்டது, இலக்கு பார்த்தது. இப்போது அது மாறி, ராணுவக்காரர்களின் சேஜ் போலவே, துப்பாக்கி பார்த்தது.

*

வைல்ட் கன்மேன் வந்து பதிமூன்று வருடம் கழித்து, 1987இல், அமெரிக்கக் கடைகளில் ஆக்ஷன் மேக்ஸ் என்றொரு பொம்மை விற்றது. செய்தது வேர்ல்ட்ஸ் ஆஃப் வொண்டர். பேசும் கரடி பொம்மையால் பணம் பார்த்த நிறுவனம். வீட்டுக்கு வீடு வி.சி.ஆர். வந்துவிட்ட காலம். ஆக்ஷன் மேக்ஸ் வி.எச்.எஸ். வீடியோ கேசட்டில் ஓடும். திரையில் நிஜ விமானங்கள், நிஜ மனிதர்கள், நிஜமான வெடிப்புகள். எட்டு பிட் வாத்தைப் பார்த்துப் பழகிய பிள்ளைகளுக்கு அந்தப் பெட்டியின் அட்டைப்படமே கனவாக இருந்திருக்கும்.

டிவியின் ஓரத்தில் ஓர் உணர்கருவியை ரப்பர் உறிஞ்சியால் ஒட்ட வேண்டும். சுட வேண்டிய இலக்குகள் தனி வேகத்தில் மினுங்கும். துப்பாக்கி அந்த மினுங்கலைப் பிடித்தால் கருவியில் எண் கூடும். அவ்வளவுதான். எதிரி விமானத்தைச் சரியாகச் சுட்டாலும் அது பறந்துபோகும், சுடாவிட்டாலும் பறந்துபோகும். வீடியோ கேசட் தன் பாட்டுக்கு ஓடி, எல்லோருக்கும் ஒரே இடத்தில் முடியும். மொத்தம் ஐந்து கேசட்டுகள்தான் வந்தன. அந்த வருடக் கடைசியில் நிறுவனம் திவால் மனு கொடுத்தது. இதில் ஒரு வேடிக்கை: அமெரிக்கக் கடைகளில் நிண்டெண்டோவின் இயந்திரத்தை விற்றுக்கொடுத்ததும் இதே வேர்ல்ட்ஸ் ஆஃப் வொண்டரின் விற்பனையாட்கள்தான்.

அதே 1987இல் மேட்டல் கேப்டன் பவர் என்ற டிவி தொடரையும் அதோடு சேர்ந்த விமான பொம்மைகளையும் கொண்டுவந்தது. தொடர் ஓடும்போது பொம்மையால் திரையைச் சுடலாம். திரையும் திருப்பிச் சுடும்! திரையில் மினுங்குகிற வெளிச்சத்தைப் பொம்மை உணர்ந்து, தனக்கு அடி விழுந்ததாக எண்ணிக்கொள்ளும். அடிகள் கூடினால் விமானி பொம்மை தூக்கி வெளியே எறியப்படும். டிவி சொல்வது பொம்மைக்குக் கேட்கிறது. பொம்மை சொல்வது டிவிக்குக் கேட்கவே கேட்காது. கேப்டன் ஜெயிப்பதோ தோற்பதோ எப்போதோ எழுதி முடிந்துவிட்டது. 22 பகுதிகளோடு தொடர் நின்றது.

இந்த இரண்டையும் தோல்விகள் என்று தாண்டிப் போய்விடலாம்தான். எனக்கு அவற்றின் மேல் இரக்கம் உண்டு. திரையை எவ்வளவு அழகாக்கினாலும், நாம் இருக்கிறோம் என்பது அதற்குத் தெரியாவிட்டால் பிள்ளைகள் கொஞ்ச நேரத்தில் கண்டுபிடித்துவிடுகிறார்கள். பதினாறு நிறம்கூடச் சரியாகத் தெரியாத வாத்து, சுட்டால் விழுந்தது. அதனால் அது பிழைத்தது.

*

வாத்து அமெரிக்காவுக்குப் போனது 1985இல். 1983இல் வீடியோ கேம் சந்தை சரிந்திருந்ததால் கடைக்காரர்கள் அந்தப் பெயரைக் கேட்டாலே விரட்டினார்கள். பொம்மை என்று சொல்லி உள்ளே நுழைய நிண்டெண்டோவுக்கு ஒரு ரோபோவும் இந்தத் துப்பாக்கியும் உதவின. ரோபோ சீக்கிரம் மறைந்தது, துப்பாக்கி நின்றது. அசலைப் பார்த்துச் செய்த மலிவு நகல்கள் பின்னர் உலகெங்கும் பரவின. நிண்டெண்டோ என்ற பெயரையே கேள்விப்படாத எங்கள் தெருவுக்கும் அப்படித்தான் வந்தது.

சில வருடங்களுக்கு முன், இதையெல்லாம் தேடிக்கொண்டிருந்தபோது, டக் ஹன்ட்டோடு அமெரிக்காவில் கொடுத்த கையேட்டின் பக்கங்கள் கண்ணில் பட்டன. சின்னப் புத்தகம். ஒரு வாத்து வரும் முதல் ஆட்டத்தைப் பற்றிய குறிப்பில், இன்னொருவர் முதல் ஜாய்ஸ்டிக்கைப் பிடித்து வாத்தின் பறக்கும் திசையை மாற்றலாம் என்று இருந்தது.

இரண்டு முறை படித்தேன். எங்கள் மஞ்சள் கேசட்டோடு கையேடு எதுவும் வரவில்லை. முதல் ஜாய்ஸ்டிக் சொருகியேதான் இருந்தது. துப்பாக்கி இரண்டாவது துளையில். நாங்கள் எப்போதும் ஆடியது ஒற்றை வாத்து ஆட்டம். அவள் லெஃப்ட்டில் அமுக்கினாள், வாத்து லெஃப்ட்டில் போனது.

அவளுக்கு உடனே போன் செய்தேன். வாத்து, ஜாய்ஸ்டிக், கையேடு என்று மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். அந்தப் பக்கம் குக்கர் விசில் சத்தம். "நான் அப்பவே சொன்னேன்ல" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "நீ ஏன் குட்டுன?" என்றாள். அதற்கு என்னிடம் கையேடு இல்லை.

போன பொங்கலுக்கு அவள் வீட்டுக்குப் போகும்போது, அம்மா வீட்டுப் பரணிலிருந்து பழைய டப்பாவை எடுத்துப் போனேன். அவள் வீட்டில் இருப்பது எல்.இ.டி. டிவி. படம் வந்தது, இசை வந்தது, நாய் மோப்பம் பிடித்துக்கொண்டு நடந்தது. துப்பாக்கி மட்டும் வேலை செய்யவில்லை. செய்யாது என்று எனக்குத் தெரியும். பழைய டப்பா டிவியில் எலக்ட்ரான் கற்றை மேலிருந்து கீழே கோடு கோடாக, நொடிக்குப் பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட கோடுகளை வரையும். ஆட்டம் வெள்ளைக் கட்டத்தை அனுப்பிய அதே கணத்தில் அது திரையில் இருக்கும். புது டிவி படத்தை வாங்கி, சரிசெய்து, கொஞ்சம் தாமதித்துத்தான் காட்டுகிறது. ஆட்டம் கேட்கிற கணத்தில் துப்பாக்கியின் கண்ணுக்கு எதுவும் தெரிவதில்லை. கேள்வி முடிந்த பிறகு பதில் வருகிறது. துப்பாக்கி பழுதாகவில்லை, அது பார்க்க வேண்டிய வெளிச்சம்தான் போய்விட்டது.

ஆனால் ஜாய்ஸ்டிக்குக்கு வெளிச்சம் தேவையில்லை. தங்கச்சி மகளுக்கு ஆறு வயது. அவள் கையில் கொடுத்தோம். வாத்து எழும்பியது. இடது பக்கம் அமுக்கினாள். அது இடது பக்கம் திரும்பியது. வலது பக்கம் அமுக்கினாள், திரும்பியது. "மாமா, சுடுங்க, சுடுங்க" என்று கத்தினாள். நான் சுட்டேன். திரை சிமிட்டியது. மறுபடி சுட்டேன். வாத்து மேலே ஏறிப் போய்விட்டது. புல்லுக்குள்ளிருந்து நாய் எழுந்து சிரித்தது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கச்சியும்.